பக்கத்துக் கருந்துளையை எடை போட்டுப் பார்த்தேன்

2020 மே மாதம் ஐரோப்பிய தெற்கு வானாய்வகம் ஒரு செய்தி வெளியிட்டது. எச்ஆர் 6819 என்ற விண்மீன் தொகுதிக்குள் ஒரு கருந்துளை இருக்கிறது, தூரம் சுமார் 1,000 ஒளியாண்டு, நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்றார்கள். தெற்கு வானில், இருட்டான இடத்திலிருந்து வெறும் கண்ணுக்கே தெரியும் விண்மீன் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அக்கா மகள் தன் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

2022 மார்ச்சில் அந்தக் கருந்துளையே இல்லை என்று ஆகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அடுத்த செய்தி வந்தது: கையா பிஎச்1, 1,560 ஒளியாண்டு, இதுவரை தெரிந்தவற்றில் மிக அருகில் இருப்பது. மறுபடியும் அவளிடம் போய்ச் சொன்னேன்.

"மாமா, போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. இது இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"அதையும் படிச்சுத்தானே சொன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்த வேலைதான் இது. அந்தக் கருந்துளையின் எடையை, பொதுவில் கிடைக்கும் அளவீடுகளை மட்டும் வைத்து, நானே கணக்குப் போட்டு எடுப்பது. கூடவே அது இருக்கும் இடத்தை ஒரு தடவையாவது படம் பிடிப்பது. (இயற்பியல் ஆசிரியர் யாராவது படித்தால் எடை இல்லை, நிறை என்று திருத்துவார். சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு 'எடை போடுறது' என்றே பெயர் விழுந்துவிட்டது.)

முதலில் படம்

கருந்துளையைப் படம் பிடிக்க முடியாது. ஆனால் கையா பிஎச்1 தனியாக இல்லை. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் 185.6 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றி வருகிறது. நாம் பார்க்கக்கூடியது அந்தத் துணை விண்மீனை மட்டுமே. ஓஃபியூக்கஸ் என்னும் விண்மீன் குழுவில், வானின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சமே தெற்கே இருக்கிறது. வானில் அதன் முகவரி: வல ஏற்றம் 17 மணி 28.7 நிமிடம், நடுவரை விலக்கம் கழித்தல் 0 பாகை 35 நிமிடம். நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வடக்கோ தெற்கோ எங்கிருந்து பார்த்தாலும் எழும். ஜூன், ஜூலை மாதங்களில் நள்ளிரவை ஒட்டி உச்சத்தில் நிற்கும்.

பிரகாச எண் 13.8 (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). கண்ணால் பார்க்க வேண்டுமானால் 200 மில்லிமீட்டர் ஆடியும் நல்ல இருட்டும் தேவைப்படும். கேமராவுக்கு அவ்வளவு வேண்டாம். என்னிடம் இருப்பது 150 மில்லிமீட்டர் ஆடி, 750 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்ட எதிரொளிப்புத் தொலைநோக்கி. வான் சுழற்சியைத் தொடரும் மோட்டார் தாங்கி ஒன்றும், பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் உண்டு.

வழி கண்டுபிடிப்பது எளிது. எம்14 என்ற கோள விண்மீன் கொத்தைப் பிடித்துவிட்டால், அங்கிருந்து வடமேற்காக மூன்றரை பாகை. எம்14 மங்கலான பஞ்சு உருண்டை போலக் கேமராவில் உடனே தெரிந்துவிடும்.

முதல் இரவு வீண். தாங்கியின் அச்சைத் துருவத்துக்கு நேராக வைத்தேன் என்று நினைத்தேன், வைக்கவில்லை. 30 விநாடிப் படத்தில் விண்மீன்கள் எல்லாம் சின்னச் சின்னக் கோடுகள். இரண்டாம் இரவு அச்சு சரி, ஆனால் சாயங்காலம் செய்த ஃபோகஸை நம்பி விட்டுவிட்டேன். இரவு ஏற ஏறக் குளிர்ந்து குழாய் சுருங்கியதில், நடுவில் எடுத்த படங்களில் எல்லாம் விண்மீன்கள் வளையங்களாக உப்பிவிட்டன. மூன்றாம் இரவு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோகஸைத் திருத்தினேன். 30 விநாடிப் படம் அறுபது, மொத்தம் அரை மணி நேர ஒளி.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எந்தப் புள்ளி எந்த விண்மீன் என்று கண்டுபிடித்துத் தரும் மென்பொருளில் போட்டேன். என் விண்மீன் நடுவிலிருந்து சற்று விலகி இருந்தது. பக்கத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒளிவட்டம் கிடையாது, சுழல் கிடையாது, பளபளப்பு கிடையாது. கருந்துளையை நோக்கி வாயு பெரிதாக எதுவும் விழாததால் எக்ஸ் கதிரும் தெரிவதில்லை. அதனால்தான் 2022 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

அக்கா மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது ஆடுதுன்னு சொன்னீங்களே, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்தா தெரியுமா?" நல்ல கேள்வி. கணக்குப் போட்டேன். என் கேமராவின் ஒரு பிக்சல் வானில் 1.2 பாகைவிநாடியை மூடுகிறது (ஒரு பாகையில் 3,600 பாகைவிநாடி). அந்த விண்மீன் ஆடும் மொத்த அகலம் அதிகபட்சம் 5.3 மில்லிபாகைவிநாடி. ஒரு பிக்சலில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. என் ஆடி இங்கே தோற்றது. இனி கையா விண்கலத்தின் கண்தான்.

19 இலக்கத்தில் முதல் அடி

2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா, 2025 தொடக்கம் வரை நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. அதன் மூன்றாவது தரவு வெளியீடு 2022 ஜூனில் வந்தது. அதில் தனியாக இல்லாத விண்மீன்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றுவதாகத் தெரிந்தவற்றின் சுற்றுப்பாதை எண்கள் அங்கே இருக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பதிவுகூடத் தேவையில்லை.

இறக்கினேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்தேன். விண்மீனின் அடையாள எண்ணை வைத்துத் தேடினால் இல்லை என்கிறது. அரை மணி நேரம் திண்டாடிய பிறகுதான் புரிந்தது: கையாவின் அடையாள எண் 19 இலக்கம். ஸ்ப்ரெட்ஷீட் ஒரு எண்ணில் 15 இலக்கத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு மீதியைச் சுழியமாக்கிவிடும். 4373465352415301632 என்பது என் கண்முன்னே 4373465352415300000 ஆக மாறி, உலகத்தில் இல்லாத ஒரு விண்மீனாகிவிட்டது. அந்தப் பத்தியை எண் என்று இல்லாமல் எழுத்து என்று சொல்லி மறுபடி இறக்கினால் சரியாகிவிடும். இதைச் செய்யப் போகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

அடுத்த சிக்கல். எனக்கு வேண்டியது விண்மீன் ஓடும் நீள்வட்டத்தின் அளவு. கையா அதை நேரடியாகத் தருவதில்லை. அதற்குப் பதில் தீலே–இன்னஸ் மாறிலிகள் என்று நாலு எண்கள் தருகிறது: ஏ, பி, எஃப், ஜி. வானத் தளத்தில் சாய்ந்து கிடக்கும் நீள்வட்டத்தைக் கணக்குப் போட வசதியான வடிவம் அது. திரும்ப அளவாக மாற்ற ஒரு பழைய வழி உண்டு. நாலு எண்களின் இருமடிகளைக் கூட்டிப் பாதியாக்கினால் ஒரு எண். ஏ, ஜி பெருக்கலிலிருந்து பி, எஃப் பெருக்கலைக் கழித்தால் இன்னொரு எண். முதல் எண்ணின் இருமடியிலிருந்து இரண்டாவதன் இருமடியைக் கழித்து வர்க்கமூலம் எடுத்து, அதை முதல் எண்ணோடு கூட்டி, மறுபடி வர்க்கமூலம். இதுதான் நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு, அதாவது அதன் நீளத்தில் பாதி. இரண்டாவது எண்ணை அரை அச்சின் இருமடியால் வகுத்தால் பாதையின் சாய்வுக்கான கோசைன் கிடைத்துவிடும். சொல்லும்போது நீளமாக இருக்கிறது, ஸ்ப்ரெட்ஷீட்டில் நாலே கட்டம்.

வந்த எண்கள்: அரை அச்சு 2.98 மில்லிபாகைவிநாடி, சாய்வு 121 பாகை. அதே வரிசையில் இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு) 2.093 மில்லிபாகைவிநாடி என்று இருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தூரக் கணக்கே தேவையில்லாமல் நேராக வானியல் அலகில், அதாவது பூமி-சூரியன் தூரக் கணக்கில் வந்துவிடும். 1.424. அதாவது அந்த விண்மீன் போடும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் பாதையைவிடக் கொஞ்சம் பெரியது. ஆனால் நாம் ஒரு ஆண்டில் சுற்றுவதை அது ஆறு மாதத்தில் முடித்துவிடுகிறது. நடுவில் இருப்பது சூரியனைவிட ரொம்பக் கனமானது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

சரி, எவ்வளவு கனம்? 1.424-ஐ மும்மடியாக்கி, சுற்றும் காலத்தை ஆண்டில் எழுதி இருமடியாக்கி வகுத்தேன். 11.16 வந்தது. இது இருண்ட பொருளின் எடை அல்ல. விண்மீனும் கருந்துளையும் இரண்டுமே பொதுவான ஒரு மையத்தைச் சுற்றுகின்றன. நாம் அளந்தது விண்மீனின் பங்கை மட்டும். அதனால் அந்த 11.16 என்பது, இருண்டதன் எடையின் மும்மடியை இருவரின் கூட்டு எடையின் இருமடியால் வகுத்த எண். விண்மீனின் எடை அதன் நிறமாலையிலிருந்து (நிறம் நிறமாகப் பிரித்த ஒளியிலிருந்து) தெரியும், 0.93 சூரியன். மீதியைக் கண்டுபிடிக்கச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை, விட்டு விட்டுப் பிடித்தால் போதும். முதல் ஊகம் 11.16 என்று வைத்து, ஊகத்தோடு 0.93-ஐக் கூட்டி, ஊகத்தாலேயே வகுத்து, இருமடியாக்கி, 11.16-ஆல் பெருக்கினால் அடுத்த ஊகம். இப்படி இறங்கியது:

11.16
13.10
12.80
12.84
12.84

நின்றுவிட்டது. 12.8 சூரியன். எனக்கு ஒரே குஷி. அப்புறம் இதைக் கண்டுபிடித்த கரீம் எல்-பத்ரி குழுவின் ஆய்வுக் கட்டுரையைத் திறந்து பார்த்தால் 9.62 என்று இருக்கிறது.

எங்கே தப்பு?

இரண்டு நாள் என் சூத்திரங்களைத்தான் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு கட்டமாகக் கையால் போட்டுப் பார்த்தேன். சூத்திரத்தில் பிழை இல்லை. கடைசியில் எண்ணுக்குப் பக்கத்தில் நான் பார்க்காமல் தாண்டிப் போன இன்னொரு பத்தியில் விடை இருந்தது. அரை அச்சு 2.98, ஆனால் கூட்டியோ கழித்தோ 0.22. அது ஏழு சதவீதம். மும்மடியாக்கும்போது 22 சதவீதமாகிவிடும். ஆக என் 12.8 என்பது உண்மையில் ஏறத்தாழ பத்திலிருந்து பதினைந்தரை வரை எங்கேயும் இருக்கலாம் என்றுதான் அர்த்தம். தப்பான எடை இல்லை, தராசு முள் ஆடிக்கொண்டிருக்கிறது.

கரீம் எல்-பத்ரியின் குழு இதைத் தெரிந்துதான் கையாவை மட்டும் நம்பாமல் தரையிலிருந்து விண்மீனின் வேகத்தை அளந்தது. ஜெமினி, கெக், மகெல்லன் போன்ற தொலைநோக்கிகளில் நிறமாலை எடுத்து, விண்மீன் நம்மை நோக்கி எப்போது வருகிறது, எப்போது விலகுகிறது என்று 2022-இல் மாதக்கணக்கில் தொடர்ந்தார்கள். அந்த வேக அட்டவணை கட்டுரையோடு வெளியாகியிருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

வேகத்துக்குக் கோடு பொருத்துவதில் நான் செய்த தப்புகளை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஸ்ப்ரெட்ஷீட்டின் சைன், கோசைன் எல்லாம் ரேடியன் கேட்கும், நான் பாகையைக் கொடுத்தேன். கோடு வெறி பிடித்த மாதிரி ஆடியது. அடுத்தது, கோணம் கண்டுபிடிக்கும் ஏடேன்2 சூத்திரம். ஸ்ப்ரெட்ஷீட்டில் முதலில் கிடைமட்டம், பிறகு செங்குத்து. பைத்தான் நிரல்மொழியில் நேர் எதிர். அதை இங்கிருந்து அங்கே அப்படியே நகலெடுத்ததில் ஒரு முழுச் சாயங்காலம் போனது. மூன்றாவது, கையா தன் நேரத்தை 2016.0 என்ற தொடக்கப் புள்ளியிலிருந்து நாள் கணக்கில் எழுதுகிறது, வேக அட்டவணையோ வானியலாளர்களின் தொடர் நாள் எண்ணான ஜூலியன் நாளில் இருக்கிறது. நடுவே 2457389 என்ற எண்ணைக் கூட்டினால்தான் இரண்டும் பேசிக்கொள்ளும்.

எல்லாம் சரியான பிறகு பொருத்திய கோடு, அளந்த புள்ளிகளின் வழியாக வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. மேலே கூரான சிகரம், கீழே அகலமான பள்ளம். விண்மீன் கருந்துளைக்குக் கிட்டப் போகும்போது சட்டென்று வளைந்து பறக்கிறது, தூரத்தில் இருக்கும்போது மெல்ல நடக்கிறது. சிகரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் விநாடிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல். பாதையின் நீட்சி 0.45 (0 என்றால் வட்டம்). வேக வீச்சு, அதாவது அந்த இடைவெளியில் பாதி, எனக்கு 67 வந்தது, கட்டுரையில் 66.7.

வேகத்தை மட்டும் வைத்துப் போட்டால் வரும் எண் 4.1 சூரியன். இதில் ஒரு வசதி இருக்கிறது. பாதை எப்படிச் சாய்ந்திருந்தாலும், இருண்டது இதற்குக் கீழே போக முடியாது. நமக்கு மிகச் சாதகமான சாய்வில், அதாவது பாதையை நேர் விளிம்பிலிருந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டாலும், விண்மீனின் எடையைச் சேர்த்துக் கணக்கிட்டால் குறைந்தபட்சம் 5.6 சூரியன். அந்த எடையில் சாதாரண விண்மீன் ஒன்று அங்கே இருந்தால் சூரியனைப் போலப் பல நூறு மடங்கு பிரகாசிக்கும். நம் மஞ்சள் விண்மீன் அதன் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. நிறமாலையில் அப்படி எதுவும் இல்லை, ஒரே ஒரு மஞ்சள் விண்மீன்தான். நியூட்ரான் விண்மீனாக (இறந்த விண்மீனின் நெருங்கிச் சுருங்கிய மிச்சமாக) இருக்கவும் இது மிக அதிகம். கருந்துளை என்ற முடிவுக்கு எனக்கு இந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. மீதி எல்லாம் எத்தனை கிலோ என்ற நுணுக்கம்.

ஆனால் அந்த நுணுக்கத்தை விட மனம் வரவில்லை. கையா சொன்ன சாய்வு 121 பாகையை வேகக் கணக்கில் போட்டால் 8.2 வருகிறது. கையா மட்டும் என்றால் 12.8, வேகத்தோடு கையாவின் சாய்வு என்றால் 8.2. விடை நடுவில் 9.6. மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன.

இரண்டு அளவீடும் ஒரே பாதையைத்தான் பார்க்கின்றன. ஆகவே அளவும் சாய்வும் ஒன்றுக்கொன்று இசைந்தாக வேண்டும். இரண்டையும் அவற்றின் பிழை எல்லைக்குள் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி, எங்கே சமரசம் ஆகிறது என்று பார்த்தேன். 8.7-இல் நின்றது. இன்னும் இடிக்கிறது.

காரணம், நான் அளவையும் சாய்வையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு எண்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. இரண்டுமே அந்த நாலு மாறிலிகளிலிருந்து பிறந்தவை, ஒன்று தப்பினால் மற்றதும் சேர்ந்து தப்பும். எது எதோடு எவ்வளவு சேர்ந்து ஆடும் என்பதையும் கையா தருகிறது. மொத்தம் 12 அளவுகள், அவற்றுக்கிடையே 66 தொடர்பு எண்கள், ஒரே வரியாக. இதை ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது என்று பைத்தானுக்கு மாறினேன். அங்கேயும் ஒரு குழி: அந்த 66 எண்களையும் சதுரத்தில் நிரப்பும்போது பத்தி பத்தியாக இறக்க வேண்டும். நான் வரிசை வரிசையாக நிரப்பினேன். கணக்கு ஓடியது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, விடை மட்டும் அபத்தம். இந்த மாதிரி சத்தமில்லாமல் வரும் தப்புதான் ரொம்ப மோசம். கையேட்டை ஒழுங்காகப் படித்து மாற்றிப் போட்டேன். சாய்வு 126 பாகையைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது, அரை அச்சு 2.67-க்கு இறங்கியது. இப்போது வேகக் கணக்கில் 9.6, இடக் கணக்கில் 9.7. கட்டுரையில் 9.62, கூட்டியோ கழித்தோ 0.18.

அந்த எடைக்கு, ஒளிகூடத் தப்ப முடியாத அதன் எல்லை எவ்வளவு பெரியது என்று பார்த்தால், ஒரு சூரியனுக்குச் சுமார் 2.95 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஆரம் 28 கிலோமீட்டர். 1,560 ஒளியாண்டு தூரத்தில் 28 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒன்றை, அதைப் பார்க்காமலேயே, இரண்டு சதவீதத் துல்லியத்தில் எடை போட முடிகிறது.

பழைய கடன்

இப்போது பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். அதே ஸ்ப்ரெட்ஷீட்டில் புதுத் தாள் ஒன்றைத் திறந்து எச்ஆர் 6819-இன் எண்களைப் போட்டேன். சுற்றும் காலம் 40.3 நாள், வேக வீச்சு விநாடிக்கு 61 கிலோமீட்டர், பாதை கிட்டத்தட்ட வட்டம். வேகக் கணக்கில் வரும் எண் 0.96.

கண்ணுக்குத் தெரியும் விண்மீன் நீல வகை. அப்படிப்பட்ட சாதாரண விண்மீனுக்கு ஐந்து சூரியன் எடை இருக்கும். அந்தக் கட்டத்தில் 5 என்று போட்டதும் இருண்டதன் குறைந்தபட்ச எடை 4.4 என்று வந்தது. கருந்துளைதான்! நானும் அவர்களைப் போலவேதான் நம்பியிருப்பேன். இப்போது அதே கட்டத்தில் 5-ஐ அழித்துவிட்டு 0.5 என்று போட்டேன். 4.4 சடாரென்று 1.65 ஆகிவிட்டது.

நடந்ததும் இதுதான். அந்த நீல விண்மீன் உண்மையில் தன் வெளி அடுக்குகளைத் துணையிடம் பறிகொடுத்துவிட்டு உப்பி நிற்கும் ஒரு லேசான விண்மீன். பார்க்க ஐந்து சூரியன் மாதிரி, எடை அதில் ஒரு சிறு பங்கு. பறித்துக்கொண்ட துணைதான் அங்கே தெரியும் இன்னொரு வேகமாகச் சுழலும் விண்மீன். அதைத் தூரத்தில் சுற்றும் மூன்றாவது ஆள் என்று முதலில் நினைத்திருந்தார்கள். 2022-இல் சிலி நாட்டின் பாரனால் மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்துப் பார்த்தபோது இரண்டு விண்மீன்களும் பூமி-சூரியன் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றுவது தெரிந்தது. நடுவில் கருந்துளைக்கு வேலையே இல்லை. முதலில் இருக்கிறது என்று சொன்ன குழுவும் அதை மறுத்த குழுவும் சேர்ந்தே அந்த ஆய்வைச் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதைத் தெரிந்துகொண்டவுடன் கையா பிஎச்1 தாளுக்கு ஓடினேன். அங்கேயும் விண்மீனின் எடையை மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும்? 0.93-க்குப் பதில் 0.5 போட்டால் 8.9. 1.5 போட்டால் 10.4. அவ்வளவுதான் அசைகிறது. விண்மீனைப் பற்றி நாம் எவ்வளவு தப்பாக நினைத்திருந்தாலும் கருந்துளை கருந்துளையாகவே இருக்கிறது. அக்கா மகளைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் 0.1, 3, 20 என்று இஷ்டத்துக்குப் போட்டுப் பார்த்தாள். எச்ஆர் 6819 தாளில் எண் குதிப்பதையும் இங்கே அசைந்து கொடுக்காததையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது நல்ல கருந்துளை" என்றாள்.

அட்டை

மீதி இருந்த உற்சாகத்தில் ஒரு பெரிய அட்டையில் அக்கம்பக்கத்து வரைபடம் போட்டோம். மேலிருந்து பால்வீதியைப் பார்ப்பது போல, நடுவில் சூரியன், 1 சென்டிமீட்டருக்கு 100 ஒளியாண்டு.

கையா பிஎச்1 பதினைந்தரை சென்டிமீட்டரில் விழுந்தது. அடுத்தது கையா பிஎச்3, அக்விலா என்னும் கழுகுக் குழுவில், 19 சென்டிமீட்டர். இது 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. விண்மீனின் பாதை 16.2 வானியல் அலகு, காலம் 11.6 ஆண்டு. என் தாளில் போட்டால் ஒரே நிமிடத்தில் 33 சூரியன். பால்வீதியில் விண்மீன் இறந்து உருவான கருந்துளைகளில் இதுவரை தெரிந்ததில் இதுவே கனமானது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை நாள் தெரியாமல் போனதற்கு அந்த 11.6 ஆண்டுதான் காரணம். ஆட்டம் அவ்வளவு மெதுவானால், வருடக்கணக்கில் பொறுமையாக அளந்தால்தான் பிடிபடும்.

சூரியனுக்கு எதிர்ப்பக்கம், மோனோசெரோஸ் திசையில், ஏறத்தாழ 34 சென்டிமீட்டரில் ஏ0620-00. கையா வருவதற்கு முன் வரை மிக அருகில் என்று எல்லாப் பட்டியலிலும் முதலில் இருந்தது இதுதான். 1975-இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் இதன் எக்ஸ் கதிர் வெடிப்பைப் பார்த்தது. இதன் விண்மீன் எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். சென்டாரஸ் குழுவில் கையா பிஎச்2, 38 சென்டிமீட்டர், ஒரு சிவப்பு அரக்கன் விண்மீன் 1,277 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது, எடை சுமார் 9 சூரியன். சிக்னஸ் எக்ஸ்-1 எழுபத்திரண்டில், அதே திசையில் இன்னும் ஆறு சென்டிமீட்டர் தள்ளி வி404 சிக்னி. அட்டை போதாமல் இன்னொன்றை ஒட்ட வேண்டியிருந்தது.

போட்டு முடித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. கையா பிஎச்2-ஐத் தவிர, தூரத்தில் இருப்பவை எல்லாம் துணை விண்மீனைத் தின்றுகொண்டு எக்ஸ் கதிரால் கத்துகிறவை, அதனால் கையாவுக்கு வெகு முன்பே சிக்கிவிட்டன. கிட்டத்தில் இருக்கும் இரண்டும் அமைதியானவை, கடைசியாகச் சிக்கின. துணையே இல்லாமல் தனியாகத் திரிகிறவை இந்த அட்டையில் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டது பின்னணி விண்மீனின் ஒளியை வளைத்தால்தான் காட்டிக்கொடுக்கும். அந்த வழியில் உறுதியானது ஒன்று, ஏறத்தாழ 5,000 ஒளியாண்டில். சூரியனுக்கும் கையா பிஎச்1-க்கும் நடுவே இருக்கும் அந்தப் பதினைந்து சென்டிமீட்டர் வெறுமையை நான் காலி இடம் என்று இனி சொல்ல மாட்டேன்.

கையாவின் நான்காவது தரவு வெளியீட்டை 2026 டிசம்பருக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் முடிந்த விடைகள் மட்டுமல்லாமல் ஒவ்வொரு தடவை அளந்த இடமும் தனித்தனியாக இருக்கும். அப்போது அந்த நாலு மாறிலிகளையே நானே பொருத்திப் பார்க்கலாம். தாள் ஒன்றைத் தலைப்போடு காலியாக வைத்திருக்கிறேன். அடையாள எண் பத்தியை மறக்காமல் எழுத்து என்று மாற்றிவிட்டேன்.

எச்ஆர் 6819-க்கு அட்டையில் பத்து சென்டிமீட்டரில் முதலில் ஒரு பென்சில் புள்ளி வைத்திருந்தேன். கடைசியில் அதை அழிக்க ரப்பரை எடுத்தேன்.

"இருக்கட்டும் மாமா" என்று பிடுங்கிக்கொண்டாள். பக்கத்தில் சின்ன எழுத்தில் 2020–2022 என்று எழுதினாள்.